மூசையும் மிஹ்னாவும்: ஒரு நாடகத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

'ஃபித்னா' என்ற அரபுச் சொல்லைக் குழப்பம், கலகம், சோதனை எனும் பொருள்களில் நாம் வழங்கி வருகிறோம். மொழி நூலார் அதன் வேரைத் தேடிச் செல்லும்போது பொற்கொல்லரின் பட்டறைக்கே நம்மை அழைத்துச் செல்கின்றனர். பொன்னையும் வெள்ளியையும் நெருப்பிலிட்டு உருக்கி, நல்லது எது, கலப்பு எது எனப் பிரித்தறிவதே அச்சொல்லின் முதற்பொருள். 'மிஹ்னா' என்ற சொல்லுக்கும் இத்தகைய ஒரு பொருளை அகராதிகள் தருகின்றன: வெள்ளியைத் தீயில் இட்டுத் தூய்மைப்படுத்துதல். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் பொன் உருக்கும் மண் கலத்தை மூசை என்பர். அதன் ஆங்கிலப் பெயரையே தலைப்பாகக் கொண்டு அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதியதுதான் 'தி குரூசிபிள்'. 1953 ஜனவரி 22ஆம் நாள் நியூயார்க் நகரில் முதன்முறையாக மேடையேறிய அந்நாடகம், அன்று முதல் இன்றுவரை உலகின் ஏதேனும் ஒரு மூலையில் நடிக்கப்பட்டுக்கொண்டேயிருக்கிறது.

அரபு முதுகலை பயின்ற காலத்தில், விடுதியில் என் அறைத் தோழராயிருந்த ஆங்கில இலக்கிய மாணவர் ஒருவர் அந்நூலை எனக்குப் படிக்கத் தந்தார். 'சேலம்' என்று பெயரைக் கண்டதும் நம் மாம்பழச் சேலத்தைப் பற்றியதோ என்று எண்ணிய பேதைமையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இது வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள சேலம். நமது 'ஸலாம்' என்னும் சொல்லோடு ஒரே வேர் கொண்ட, அமைதி எனும் பொருள் தரும் ஹீப்ரு வேதாகமப் பெயர். அமைதியின் பெயர் தாங்கிய அவ்வூரில் 1692ஆம் ஆண்டு நடந்ததைத்தான் மில்லர் நாடகமாக்கினார்.

வரலாற்றுச் செய்தி இது. அவ்வாண்டின் குளிர்காலத்தில், சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டில் அவருடைய ஒன்பது வயது மகளும், பதினொரு வயதான உறவுப் பெண் அபிகெயில் வில்லியம்ஸும் இனம் புரியாத வலிப்புக்கு ஆளாயினர். மருத்துவம் கைவிட்டபோது சூனியம் என்ற சொல் எழுந்தது. யார் செய்தது என்று அச்சிறுமியரை நெருக்கிக் கேட்டனர். முதலில் பெயர் சொல்லப்பட்ட மூவரைக் கவனியுங்கள்: போதகர் வீட்டு அடிமைப் பெண் டிட்டுபா, பிச்சை எடுத்துத் திரிந்த ஒரு பெண், ஆலயத்துக்கு வராத, வழக்குகளால் ஊராரின் பகை பெற்ற நோயாளி ஒருத்தி. பழி எப்போதும் கேட்க ஆளில்லாத வாசலில்தான் முதலில் வந்து நிற்கும். அங்கே அது எதிர்ப்பின்றி நுழைந்த பிறகுதான் மற்ற வாசல்களைத் தட்டும். சில திங்களில் ஊர் மதித்த பெரியவர்களும் சிறைக்குள் இருந்தனர். எழுபத்தொரு வயதான, இறைப்பற்றுக்குப் பெயர் பெற்ற ரெபெக்கா நர்ஸ் தூக்கிலிடப்பட்டார். ஆக மொத்தம் பதினான்கு பெண்கள், ஐந்து ஆண்கள் எனப் பத்தொன்பது பேர் தூக்கு மேடை ஏறினர். குற்றச்சாட்டுக்குப் பதிலளிக்க மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியின் மீது கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றனர். சிறையிலேயே ஐவரேனும் மாண்டனர். குற்றம் சாட்டப்பட்டோர் தொகை நூற்றைம்பதைத் தாண்டியது.

இத்தனை உயிர்களைக் கொள்ளை கொண்ட சாட்சியம் எத்தகையது? குற்றம் சாட்டப்பட்டவரின் 'உருவம்' தன்னிடம் வந்து கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒரு சிறுமி கூறினால் அது சான்றாக ஏற்கப்பட்டது. அவ்வுருவம் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மறுக்கவும் வழியில்லை. 'அந்நேரம் நான் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தேன்' என்றால், 'உடல் உறங்கியது, உருவம் உலாவியது' என்பர். சாட்சியம் என்பதற்கு அரபியில் 'ஷஹாதத்' என்கிறோம். நேரில் இருந்து காண்பது என்பது அதன் உள்ளீடு. உண்மை நிறுவும் பொறுப்பு வாதியினுடையது, மறுப்பவருக்குச் சத்தியம் போதும் என்பது ஃபிக்ஹின் அரிச்சுவடி. கனவும் கஷ்ஃபும் எத்துணை உயர்ந்த மனிதருக்கு வாய்த்தாலும் காழியின் மன்றத்தில் சான்றாகா. சேலத்து நீதிபதிகள் மூடர்கள் அல்லர். அவர்களுள் கல்வி கற்றவர்களும் இருந்தனர். ஆனால் அச்சம் மேலோங்கிய நாளில் அவர்கள் அரிச்சுவடியைக் கைவிட்டனர்.

இதைவிடக் கொடிய ஒன்றும் அங்கே இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, தன்னோடு கூட்டாயிருந்தவர் என்று வேறு சிலரின் பெயரையும் சொன்னவர்கள் தூக்கிலிருந்து தப்பினர். மறுத்தவர்களே மாண்டனர். பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் மரணம் என்று ஒரு மன்றம் விதித்துவிட்டால், அதன் பட்டியல் ஓயாமல் வளரும். ஏனெனில் ஒவ்வொரு பொய்யும் இரண்டு புதிய பெயர்களைப் பெற்றெடுக்கும்.

மில்லருக்கு இந்தப் பழங்கதை தேவைப்பட்டது அவர் காலத்து நிகழ்ச்சிகளால். 1950 பிப்ரவரியில் ஜோசஃப் மெக்கார்த்தி என்ற செனட்டர், அரசின் வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருப்பதாகவும் அவர்களின் பட்டியல் தம் கையிலிருப்பதாகவும் மேடையில் முழங்கினார். அதற்கு முன்பே நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவையின் குழு ஒன்று எழுத்தாளரையும் திரைக் கலைஞரையும் அழைத்து விசாரித்து வந்தது. அங்கும் கேள்வி ஒன்றே: 'உம்முடன் இருந்தவர்கள் யார், யார்?' பெயர் சொன்னவர் வேலைக்குத் திரும்பினார். மறுத்தவர் பிழைப்பை இழந்தார். மில்லரின் நாடகங்களை இயக்கிய நண்பர் எலியா கசான் 1952இல் பெயர்களைச் சொன்னார். நாடகம் வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்து, 1956இல், மில்லரே அக்குழுவின் முன் நிறுத்தப்பட்டார். தம்மைப் பற்றிக் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறியவர், பிறர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார். தாம் எழுதிய நாடகத்தின் இறுதிக் காட்சியைத் தாமே நடிக்க நேர்ந்த ஆசிரியர் இலக்கிய வரலாற்றில் வேறு எவரேனும் உண்டா என்று தெரியவில்லை. அவமதிப்புக் குற்றத்துக்காக 1957இல் தண்டிக்கப்பட்டு, 1958இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்.

நாடகம் வரலாற்றிலிருந்து சில இடங்களில் விலகுகிறது. உண்மையான ஜான் ப்ராக்டர் அறுபது வயது மதிக்கத்தக்கவர். நாடகத்தில் முப்பதுகளில் இருக்கும் குடியானவர். பதினொரு வயது அபிகெயிலைப் பதினேழு வயதாக்கி, இருவருக்கும் தகாத உறவு இருந்ததாக மில்லர் புனைந்தார். இந்தப் புனைவைப் பலர் குறை கூறுவர். ஒரு சமூகத்தின் குற்றத்தை ஒரு பெண்ணின் ஆசையில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. எனினும் ப்ராக்டரைக் குற்றமற்ற புனிதராகக் காட்டாததில் ஒரு பயன் இருக்கிறது. தன் பாவத்தை அறிந்த மனிதன், தான் செய்யாத பாவத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும்போது எப்படித் தடுமாறுகிறான் என்பதே நாடகத்தின் கடைசி அங்கம்.

இறுதிக் காலையில் அவருக்கு வாய்ப்பளிக்கப்படுகிறது: ஒப்புக்கொள், உயிர் பிழைப்பாய். மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். ப்ராக்டர் இணங்குகிறார், சைத்தானோடு உறவு கொண்டதாக வாயால் சொல்லியும் விடுகிறார். பிறகு பிறர் பெயரைக் கேட்கின்றனர், மறுக்கிறார். கையொப்பம் கேட்கின்றனர், இட்டுவிட்டு, அத்தாளைத் தர மறுக்கிறார். அது ஆலயக் கதவில் ஒட்டப்படும் என்பதும், அதே நாளில் தூக்குமேடை ஏறவிருக்கும் ரெபெக்கா நர்ஸ் போன்றோருக்கு எதிரான சான்றாகும் என்பதும் அவருக்குத் தெரியும். தாளைக் கிழித்துவிட்டு மரணத்தை நோக்கி நடக்கிறார்.

இக்காட்சியை நம் ஃபிக்ஹு மாணவர்களுக்கு 'இக்ராஹ்' எனும் நிர்ப்பந்தப் பாடத்தோடு சேர்த்து நான் சொல்வதுண்டு. நிர்ப்பந்தத்தால் பெறப்பட்ட வாக்குமூலம் செல்லாது என்பது பெரும்பான்மை அறிஞர்களின் நிலை. சித்திரவதைக்குள்ளான அம்மார் இப்னு யாசிர் (ரலி) அவர்கள் உள்ளத்தில் ஈமான் உறுதியாயிருக்க, நாவால் மட்டும் எதிரிகள் கேட்டதைச் சொன்னபோது அது மன்னிக்கப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். இதுவே 'ருக்ஸத்' எனும் சலுகை. அப்படியாயின் ப்ராக்டர் தம்மைப் பற்றிப் பொய் சொல்லி உயிர் காத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் இச்சலுகைக்கு ஓர் எல்லை உண்டு. என்னைக் கொல்வதாக மிரட்டினாலும், இன்னொரு நிரபராதியைக் கொல்ல எனக்கு அனுமதியில்லை என்பதில் அறிஞர்கள் ஒருமித்திருப்பதாக இமாம் குர்துபி (ரஹ்) குறிப்பிடுகிறார். என் உயிர் அவன் உயிரைவிட உயர்ந்ததன்று. சேலத்தில் ஒரு பெயரைச் சொல்வது ஒருவரைக் கொல்வதற்கு ஒப்பானது. அந்த எல்லையை, எந்தக் கிதாபையும் ஓதாத ஒரு குடியானவர், தடுமாறித் தடுமாறித் தாமே கண்டடைகிறார்.

மில்லரின் நாடகத்தை மேலைநாட்டின் இருட்டு என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. நம் வரலாற்றிலும் மிஹ்னா என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஹிஜ்ரி 218, அதாவது கி.பி. 833இல், அப்பாஸியக் கலீஃபா மஃமூன், பக்தாதில் தம் ஆளுநராயிருந்த இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதம் அனுப்பினார். காழிகளையும் ஹதீஸ் அறிஞர்களையும் அழைத்து, குர்ஆன் படைக்கப்பட்டது என்பதை ஏற்கிறார்களா என விசாரிக்கும்படி ஆணையிட்டார். அக்கடிதங்களை வரலாற்றாசிரியர் தபரீ பாதுகாத்துத் தந்திருக்கிறார். ஒரு கேள்வி, அதற்கு ஒரே விடை, விடை தராதவருக்குப் பதவியில்லை, சாட்சி சொல்லும் தகுதியில்லை, பின்னர் விலங்கு. அறிஞருள் பெரும்பாலோர் இணங்கினர். அவர்கள் ருக்ஸத்தைப் பற்றிக்கொண்டனர் என்றே கொள்ள வேண்டும். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களும் முஹம்மத் இப்னு நூஹ் என்ற இளைஞரும் இணங்காது விலங்கோடு புறப்பட்டனர். வழியிலேயே கலீஃபா இறந்த செய்தி வந்தது. திரும்பும் பயணத்தில் இளைஞர் மறைந்தார். இமாம் அவர்கள் அடுத்த கலீஃபா முஃதஸிமின் ஆட்சியில் கசையடி பட்டார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தலைமாணாக்கர் புவைத்தீ (ரஹ்) ஹிஜ்ரி 231இல் சிறையில் விலங்கோடே வஃபாத்தானார்கள். அதே ஆண்டில் பைஸாந்தியரிடமிருந்து முஸ்லிம் கைதிகளை மீட்டபோது, எல்லையிலேயே அவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டனர். 'சரியான' விடை தந்தவர்களுக்கே மீட்சி கிட்டியது.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிஹ்னாவை நடத்தியவர்கள் பாமரர்கள் அல்லர். பகுத்தறிவைப் போற்றிய முஃதஸிலாச் சிந்தனையின் ஆதரவாளர்கள். கிரேக்க நூல்களை அரபியாக்கச் செய்த அரசவை. ஆகவே அறியாமைதான் இத்தகைய வேட்டைகளுக்குக் காரணம் என்று சொல்லிவிட்டு நாம் கடந்துபோக முடியாது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம்.

1981இல் எனக்குப் பத்து வயது. சிவகிரியில் எங்கள் வீடு பிரதான சாலைக்கு அருகில். மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் வாகனங்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் போக வேண்டும். அவ்வாண்டுக் கோடையில் கொடி கட்டிய கார்கள் அடிக்கடி தெற்கே விரைந்தன. "எல்லாம் மீனாட்சிபுரத்துக்குத்தான்" என்பார் அத்தா. அதற்கு மேல் எங்களிடம் பேச மாட்டார். அஸர் தொழுகை முடிந்து பெரியவர்கள் பள்ளித் திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள்.

தென்காசியை அடுத்த மீனாட்சிபுரம் என்ற சிற்றூரில் 1981 பிப்ரவரி 19ஆம் நாள், தாழ்த்தப்பட்ட மக்களில் பெருந்தொகையினர் ஒருசேர இஸ்லாத்தைத் தழுவினர். ஏறத்தாழ 180 குடும்பங்கள் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. திருநெல்வேலியிலிருந்த தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபை அந்நிகழ்ச்சிக்குத் துணைநின்றது. ஊர் பின்னர் ரஹ்மத் நகர் என்றும் வழங்கலாயிற்று. தலைமுறைகளாக அனுபவித்த தீண்டாமையும், அதற்குச் சற்று முன் ஒரு கொலை வழக்கை ஒட்டிக் காவல் துறை காட்டிய கெடுபிடியும் காரணங்கள் என்று அம்மக்களே கூறினர்.

அவர்கள் கூறியதை ஏற்க நாடு ஆயத்தமாக இல்லை. சில திங்களில் அச்செய்தி தில்லியை எட்டியது, நாடாளுமன்றத்தில் விவாதமாயிற்று. வாஜ்பாய் முதலிய தலைவர்கள் நேரில் வந்தனர், ஆரிய சமாஜத்தார் வந்தனர், பத்திரிகையாளர் வந்தனர். அவ்வாண்டிலேயே கரண் சிங் தலைமையில் விராட் ஹிந்து சமாஜ் தோன்றியது. வளைகுடாப் பணம் பாய்ந்தது, எண்ணெய் டாலர் விலைக்கு வாங்கியது என்ற பேச்சு அனைத்தையும் மூடியது. வந்தவர்கள் பலர் அம்மக்களிடம் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு வாங்கினீர்கள்?

சேலத்து மன்றத்தின் கேள்வியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 'இவ்வளவு வாங்கினேன்' என்றால் குற்றம் உறுதியாயிற்று. 'ஒன்றும் வாங்கவில்லை' என்றால் சொல்லிக்கொடுத்த பாடம் என்பர். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பணமும் சேலத்தின் உருவங்களைப் போலவே எங்கும் உலாவியது. இல்லையென்று நிறுவ எவராலும் இயலாது. இத்தனைக்கும், மதம் மாறியதால் அவர்கள் இழந்தது கண்கூடானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இஸ்லாத்தைத் தழுவியவருக்குப் பட்டியல் சாதிக்குரிய சலுகைகள் இல்லை. கல்வியிலும் வேலையிலும் இருந்த ஒதுக்கீட்டைக் கைவிட்டு வந்தவர்களைப் பார்த்துத்தான் ஆதாயத்துக்காக வந்தவர்கள் என்றனர். சென்னையிலிருந்த மத்திய அரசின் தாழ்த்தப்பட்டோர் நல மண்டல இயக்குநரும் விசாரித்துத் தீண்டாமையையும் காவல் துறைக் கொடுமையையுமே சுட்டினார். வதந்தி எட்டிய ஊர்களில் பாதியைக்கூட அந்த அறிக்கை எட்டவில்லை.

இரண்டும் ஒன்றென்று நான் வாதிடவில்லை. மீனாட்சிபுரத்தில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றம் எவரையும் தண்டிக்கவில்லை. மாற்றுக் கருத்தை எழுதிய பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் இருந்தனர். ஒத்திருப்பது விசாரணையின் வடிவம்: விடை முன்பே எழுதப்பட்டுவிட்ட கேள்வி. அதன் நிழலும் நீண்டது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோதும் மீனாட்சிபுரத்தின் பெயர் மீண்டும் மேடைகளில் ஒலித்தது. அச்சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

நம் பக்கத்தையும் பேச வேண்டும். அவ்வூர் மக்களை வெற்றிக் கணக்காக மேடைதோறும் எண்ணிச் சொன்னவர்களுள் எத்தனை பேர் அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர்? 'நீங்கள் முன்பு என்ன?' என்று ஓர் இளைஞரை நம் பந்தியில் வைத்துக் கேட்பதும் ஒரு விசாரணைதான்.

நாடகத்தில் என்னைத் துன்புறுத்தும் பாத்திரம் ப்ராக்டர் அல்லர். ஹேல் என்ற போதகர். சூனியத்தைக் கண்டறியும் வல்லுநர் என்று அழைக்கப்பட்டு, கனமான நூல்களைச் சுமந்துகொண்டு சேலத்துக்கு வருகிறார். நல்லவர்; படித்தவர். அவருடைய கல்வியே ஊராரின் அச்சத்துக்கு முத்திரை குத்துகிறது. தவறு புரிந்து மன்றத்தை விட்டு வெளியேறுகையில் காலம் கடந்துவிடுகிறது. கடைசியில் சிறைக்கு வந்து, பொய் சொல்லியாவது உயிர் பிழையுங்கள் என்று கைதிகளிடம் மன்றாடுகிறார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஊரின் ஜமாஅத்தில் என்னை ஆலிம் என்ற முறையில் அழைத்திருந்தனர். பக்கத்து வீட்டுக் குழந்தை தொடர்ந்து நோயுற்றதற்கு ஒரு விதவைத் தாயே காரணம், செய்வினை வைத்துவிட்டார் என்று புகார். வாசற்படியில் கிடந்த எலுமிச்சம்பழமே சான்று. சிஹ்ரு உண்டா இல்லையா என்று நிர்வாகிகள் என்னிடம் கேட்டனர். நானும் கிதாபுகளில் உள்ளபடி, அகீதா நோக்கில் விளக்கம் தந்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவன்று. இந்தப் பெண்மணி செய்தார் என்பதற்கு ஆதாரம் எங்கே என்பதே கேள்வி. அதை நான் கேட்கவில்லை. என் விளக்கத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டனர். எவரும் அவரை ஊரைவிட்டு விலக்கவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்தினர். நோன்புக் கஞ்சி வாங்க வந்தால் வரிசை சற்று விலகி நின்றது. அடுத்த ஆண்டு அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தக் குழந்தைக்கு இருதயத்தில் கோளாறு என்று பிறகு மருத்துவமனையில் கண்டறிந்தனர்.

சேலம் தன் தவற்றை உணரப் பல்லாண்டுகள் ஆயின. 1692 அக்டோபரில் ஆளுநர் அந்தச் சிறப்பு மன்றத்தைக் கலைத்தார். 1697இல் நோன்பு நாளொன்று அறிவிக்கப்பட்டபோது, நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சீவால், தம் மன்னிப்பைப் போதகர் படிக்க, ஆலயத்தில் அனைவர் முன்னும் எழுந்து நின்றார். சிறுமியாயிருந்து பலரைக் குற்றம் சாட்டிய ஆன் புட்னம் 1706இல் அவ்வாறே நின்றார். தண்டிக்கப்பட்டவர்களுள் எஞ்சியிருந்த எலிசபெத் ஜான்சன் என்பவரின் பெயர் 2022இல்தான் சட்டப்படி விடுவிக்கப்பட்டது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களோ, தம்மை அடிப்பித்த முஃதஸிமைத் தாமே மன்னித்ததாக வரலாறு கூறுகிறது.

அந்தத் தாய் சில ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தான செய்தி அறிந்து ஜனாஸாவுக்குச் சென்றிருந்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க ஹஜரத், உட்காருங்க" என்று நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். அன்று மாலை வரை அவர் வெளியே வரவில்லை.